பிள்ளையின் போனைப் பறிப்பதற்கு முன்

கையடக்கத் தொலைபேசியால் இளைய தலைமுறை கெட்டுப்போகிறது என்று சொல்லாத மேடை அக்கரைப்பற்றில் இல்லை. ஜும்ஆவில் கேட்கிறோம், பாடசாலைப் பெற்றார் கூட்டத்தில் கேட்கிறோம், சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போதும் கேட்கிறோம். தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதே உபதேசம் வொய்ஸ் கட்டாகி நாலைந்து குறூப்களில் வந்து விழுந்திருக்கும். போனைக் குறையுங்கள் என்பதை நாம் போனில்தான் கேட்கிறோம். கேட்டு முடிந்த கையோடு மச்சானுக்கும் மாமிக்கும் அனுப்பியும் வைக்கிறோம்.

சிரிக்க இதில் நிறைய இருக்கிறது. கோபப்படவும் கொஞ்சம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனை வரவழைத்தவர்கள் எல்லாரும் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாடசாலை, டியூஷன் கிளாஸ், மத்ரஸா, பள்ளிவாசல், வங்கி, வெளிநாட்டில் இருக்கும் வாப்பா என்று ஆளுக்கொரு தேவையைச் சொல்லிப் போனைக் கட்டாயமாக்கினோம். தேவை ஒவ்வொன்றும் நியாயம்தான். ஆனால் குறைப்பது என்று வரும்போது பிள்ளை மட்டும் குறைக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பெரியவர்கள் அனுப்புவதைக் குறைக்காமல் சிறியவர்கள் பார்ப்பதைக் குறைக்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

போன் நம் ஊருக்கு வந்த பாதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர்கள் கடிதம் எழுதினார்கள். எழுத வராதவர்கள் கெசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பினார்கள். டேப் ரெக்கோடரைச் சுற்றிப் பிள்ளைகள் இருந்து வாப்பாவின் குரலைக் கேட்ட வீடுகள் இந்தக் கரையோரத்தில் ஏராளம். உம்மா பதில் பேசும்போது பின்னால் கோழி கத்துவதும் சேர்ந்தே பதிவாகிப் பாலைவனத்துக்குப் போகும். அப்புறம் கொமியுனிகேஷன் கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீற்றரில் ஓடும் காசைப் பார்த்துக்கொண்டே அழுதவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். இவ்வளவையும் கடந்து வந்த குடும்பத்துக்கு, செலவில்லாமல் முகம் பார்த்துப் பேச வைத்த ஐஎம்ஓ என்பது ஆடம்பரம் இல்லை. வளைகுடா நாடுகள் சிலவற்றில் வட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாததால்தான் ஐஎம்ஓ இங்கே இப்படி வேர் பிடித்தது. வாப்பாவை விட்டு வளர்ந்த பிள்ளையிடம் போய் போன் தீமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். அது உங்களை மேலும் கீழும் பார்க்கும்.

இரண்டாவது கதவைத் திறந்தது கொரோனா. 2020 மார்ச் நடுப்பகுதியில் நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த வருட நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புபட்ட தொற்றாளர்கள் கண்டறியப்பட்டு, ஊரே தனிமைப்படுத்தப்பட்டது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலமும் அதுதான். என்ன நடக்கிறது என்று அறிய எல்லார் கண்ணும் திரையில்தான் இருந்தது. மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு போன். அதுவும் வாப்பாவோ காக்காவோ வீட்டில் இருந்தால். சூம் வகுப்புக்கு டேட்டா போதாமல் பாடங்கள் வட்ஸ்அப்புக்கு மாறின. பதுளைப் பக்கத்துப் போஹிட்டியாவ கிராமத்தில் சிக்னல் தேடிப் பாறை ஏறிய பிள்ளைகளின் படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இந்தப் பக்கம் ஏறப் பாறை இல்லை, தட்டை நிலம். அதனால் பிள்ளைகள் கடன்பட்டு வாங்கிய போனோடு முற்றத்து மூலைக்குப் போய் நின்றார்கள். அதுவரை பிள்ளை கையில் போனைக் கொடுக்காத உம்மாமாரும் அந்த இரண்டு வருடத்தில் கொடுத்தார்கள். கொடுக்கச் சொன்னது பாடசாலை.

தொற்று போய்விட்டது. குறூப் போகவில்லை.

தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளையின் இரவைப் பாருங்கள். இப்படியான வீடு நம் ஊரில் ஒரு தெருவுக்குப் பத்து இருக்கும். கணிதக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பிள்ளை காத்திருக்கிறது. எட்டு மணி தாண்டித்தான் ஆசிரியர் வெண்பலகையைப் படம் பிடித்துக் குறூப்பில் போடுகிறார். படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. டியூப் லைட்டின் வெளிச்சம் மேல் மூலையில் அடித்ததில் இரண்டாம் கணக்கு வெள்ளையாகிப் போயிருக்கிறது. பிள்ளை இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெருப்பிக்கிறது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து டிக்டொக் அறிவித்தல் ஒன்று இறங்குகிறது. தள்ளிவிடுகிறது. இன்னொன்று இறங்குகிறது. "உம்மா, ரெண்டாங் கணக்குத் தெரியல்ல" என்கிறது. உம்மா குறூப்பில் கேட்கிறார். "எங்களுக்கும் தெரியல்ல" என்று ஒருவர். கும்பிடும் கை ஒன்று. அதற்குக் கீழே யாரோ ஒருவர் ஜனாஸா அறிவித்தல் ஒன்றைப் போட்டுவிட, பிறகு வரிசையாக "இன்னா லில்லாஹி". அவற்றையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஆசிரியரின் பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும். கொப்பியில் ஏறியது நாலு வரி. போன் கையில் இருந்ததோ ஒன்றரை மணி நேரம். "எந்த நேரமும் போனோடதான்" என்று உம்மா ஏசுகிறார். "ஸ்கூல் வேல உம்மா" என்று பிள்ளை சொல்கிறது. இரண்டுமே உண்மை.

பிள்ளையிடம் போனை ஒரு வேலைக்காகக் கொடுக்கிறோம். போனோ ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டதில்லை. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ரஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வானொலி நாடகத்துக்கு முடிவு இசை உண்டு; இதற்கு மட்டும் போதும் என்று சொல்லும் இடம் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. படித்த பொறியியலாளர்கள் ஒரு படை சம்பளம் வாங்கிக்கொண்டு கட்டிய பொறிக்கு எதிரே ஏழாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தி, மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்கிறோம். வளர்ந்தவர்களுக்கே அது இல்லை. ஜனாஸா வீட்டுக் கதிரைகளைப் பாருங்கள். மையித்து உள்ளே இருக்க, வெளியே வரிசையாகக் குனிந்த தலைகள்.

பெரியவர்களின் விரல் என்ன செய்யும் என்பதை இந்த அம்பாறை மாவட்டம் மற்ற எவரையும் விட நன்றாக அறியும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறியில் ஒரு கட்டியைக் கண்டவர்கள், மலட்டு மாத்திரை கலந்திருக்கிறாய் என்று சண்டைக்கு நின்றார்கள். சிங்களம் சரியாகப் பிடிபடாத கடைக்காரர் பயத்தில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் போனில் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். கடை உடைந்தது. நகரப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்து அது மாவுக் கட்டி என்றார். உண்மை வெளிவருவதற்குள் அந்தப் பொய் மலைநாட்டுக்கும் போய்விட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை வந்தது. மறுநாள் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. கேட்டு என்ன, திகனையில் எரிந்த கடை எரிந்ததுதான்.

அந்தச் சம்பவத்தில் பிள்ளைகள் யாரும் சம்பந்தப்படவில்லை. வீடியோ எடுத்தவனும் பரப்பியவனும் தடி தூக்கியவனும் வளர்ந்த ஆண்கள். நம் பக்கமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. இன்ன ஊரில் பள்ளி எரிகிறது, இன்ன சந்தியில் பஸ்ஸை மறிக்கிறார்கள் என்று யார் குரல் என்றே தெரியாத வொய்ஸ் கட்டுகள் அந்த வாரம் இரவு இரவாக ஓடின. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், அதைத் தொடர்ந்த சாய்ந்தமருதுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் ஓடின. "கிடைத்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு கழிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. நம் விரலை நம்ப முடியாது என்று அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? உலகம் சட்டத்தின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றாருக்கோ இல்லை. அந்த ஒரு விடயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் நம் வீடுகளுக்குள் அது நுழையாது. சிம் உம்மாவின் பெயரில், கணக்கு உம்மாவின் பெயரில், போனும் உம்மாவுடையது. வயதுச் சட்டம் தேடுகிற பிள்ளைக் கணக்கு அங்கே கிடையாது. தடை பற்றிய பேச்சில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அது முதலில் விழுவது பெண் பிள்ளையின் தலையில். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்குப் போன்" என்று கேட்கிற வீட்டில் மகன் இரவு பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் இருந்து கேம் அடித்துக்கொண்டிருப்பான். கேக் செய்து விற்கும், துணி தைத்துக் கொடுக்கும், ஒலுவில் பல்கலைக்கழகத்து விரிவுரைக் குறிப்பைப் போனிலேயே படிக்கும் பெண்கள் இங்கே நிறைய. வீட்டுப் படி தாண்டாமல் கையில் நாலு காசு பார்க்க அவர்களுக்குக் கிடைத்த வழி அந்தப் போன். குறைப்போம் என்ற பேரில் அவர்களிடமிருந்து அதைப் பறிக்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் கூட்டு இல்லை.

வேறு இரண்டு ஊர்கள் செய்தது நமக்கு அதிகம் பொருந்தும். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா முடிந்து பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் படிப்பில் மந்தமாகிவிட்டதை ஆசிரியர்கள் கண்டார்கள். 2022 ஓகஸ்டில் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கும். ஒலித்ததும் தொலைக்காட்சியையும் போனையும் எல்லா வீடும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு அடுத்த சைரன். சுகாதாரப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசி இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்றது ஜப்பானின் டொயோஆகே நகரம். 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து, வேலைக்கும் படிப்புக்கும் புறம்பாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று அந்த மாநகர சபை விதி வகுத்திருக்கிறது. மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. ஆனால் அந்த விதி சிறியவர், பெரியவர், மேயர் என்று நகரத்தில் வாழும் எல்லாருக்கும் பொது. இரண்டு ஊரும் பிள்ளையைத் தனியே பிரித்து நிறுத்தவில்லை. அதுதான் விசேஷம்.

சைரன் வாங்கும் செலவு நமக்கில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இரண்டு பாங்கும் ஊரின் எந்த மூலையிலும் கேட்கும். இது ஒரு காலத்தில் குர்ஆன் ஓதும் நேரம், பாடம் படிக்கும் நேரம், மூத்தம்மாவிடம் கதை கேட்கும் நேரம். பக்கத்தில் ஆலையடிவேம்பில் அது விளக்கு வைக்கும் நேரம், கோயில் மணி அடிக்கும் நேரம். முஸ்லிம், தமிழ் என்று இரண்டு சமூகமும் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த ஒரு நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வாப்பாவின் அழைப்பு தவறிப்போகும் என்ற பயமும் வேண்டாம். சவூதியும் கட்டாரும் குவைத்தும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே எட்டு மணி என்றால் அங்கே ஐந்தரை. வேலை முடிந்து அவர் எடுக்கும்போது நம் இஷா முடிந்திருக்கும்.

இந்த நேரத்தை வீட்டுக்காரர்கள் மட்டும் காப்பாற்ற முடியாது என்பதைத்தான் அந்தத் தரம் 7 பிள்ளையின் கதை சொல்கிறது. உம்மா எவ்வளவு உறுதியாக நின்றாலும், எட்டு மணிக்கு வரப்போகும் வீட்டுப்பாடம் ஆறு மணியிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்திருக்கச் செய்கிறது. வந்துவிட்டதா என்று இடைக்கிடை எட்டிப்பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வேறெதாவது பிடித்து இழுத்துக்கொள்கிறது. அனுப்புகிறவர் நிறுத்தாமல் பெறுகிறவர் நிறுத்துவது நடக்காது.

வீட்டுப்பாடம் கொப்பியில் எழுதப்பட வேண்டும், கடைசி மணி அடிப்பதற்கு முன்னால். நாற்பது வருடம் அப்படித்தான் நடந்தது, யாரும் செத்துப்போகவில்லை. வராத பிள்ளைக்கு எப்படிப் போகும் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போகும், முன்பு போனதுபோல. குறூப் கட்டாயம் வேண்டும் என்றால் அட்மின் மட்டும் எழுதும்படி அதை மாற்றிவைக்கலாம். வட்ஸ்அப்பில் 2018 முதல் அந்த வசதி இருக்கிறது. கும்பிடும் கைகளும் காலை வணக்கப் பூக்களும் அதோடு முடிந்துவிடும். டியூஷன் ஆசிரியர்கள் இரவு பத்து மணிக்குப் போடும் "நாளை வகுப்பு நேரம் மாற்றம்" என்ற செய்தியை மாலை வகுப்பிலேயே சொல்லிவிடலாம். மௌத் அறிவித்தலுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, அது போதும்.

தாளில் முடியாது, எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2022 ஓகஸ்டில் பெற்றோலுக்கு கியூஆர் வந்தபோது போன் இல்லாதவன் என்ன செய்வான் என்று நாடே கவலைப்பட்டது. ஒரு வாரத்துக்குள் போட்டோகொப்பிக் கடைகள் அந்தக் குறியைத் தாளில் அடித்து லெமினேற் பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தன. வயதானவர்கள் அதைச் சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். போன் வைத்திருந்தவர்களும் கடைசியில் அந்தத் தாளையே நீட்டினார்கள். இந்த நாட்டு டிஜிட்டல் திட்டங்களில் ஓரளவு ஒழுங்காக ஓடியது அதுதான் என்றால், அதில் பாதிப் பெருமை அந்தத் தாளுக்குப் போக வேண்டும்.

ஆனாலும் வெள்ளம் வரும்போது போன் வேண்டும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாளில், போனை அணைத்து வையுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வட்டையில் தண்ணீர் திறக்கும் செய்தி, கிளினிக் திகதி, மகளின் பரீட்சை முடிவு, இவையெல்லாம் போனில் வரட்டும். இவற்றைப் பார்க்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தைத் தின்பது எது என்று ஒவ்வொருவரும் தன் போனின் அமைப்புக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளையை ஏசுவதற்கு முன் வாப்பாவும் உம்மாவும் தங்கள் கணக்கை ஒரு தடவை பார்க்கட்டும். ஏசும் குரல் தானாக இறங்கிவிடும்.

சின்னப் பிள்ளைகளின் விடயத்தில் மட்டும் பேரம் பேச எதுவும் இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. சோறு ஊட்டக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அந்தந்த வீடுதான் நிறுத்த வேண்டும். அதற்குக் குறூப்பையோ பாடசாலையையோ குறை சொல்ல முடியாது.

அதிபர்மாருக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஆலய நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஃரிபிலிருந்து மறுநாள் காலை வரை எந்த வகுப்புக் குறூப்பிலும் வீட்டுப்பாடம் போடுவதில்லை, வெள்ளம், விபத்து போன்ற அவசரம் தவிர எந்தப் பொதுக் குறூப்பிலும் எதுவும் அனுப்புவதில்லை என்று ஒரே ஒரு கூட்டத்தில் முடிவெடுங்கள். அமைச்சின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், மாநகர சபையின் தீர்மானமும் தேவையில்லை. அடுத்த தவணை ஆரம்பிக்கும் நாளிலேயே இதைத் தொடங்கலாம்.